பிளங்கிட்டுக்கு ஓட்டு விழுந்தது எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நியூயார்க் நகரை நெடுங்காலம் ஆட்டிப்படைத்த ஜனநாயகக் கட்சி அமைப்பான டாமனி ஹாலின் அரசியல் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அதன் வட்டாரத் தலைவர்களில் ஒருவரான ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட்டை இரண்டே வரியில் கோமாளியாக்கிவிட்டுப் போய்விட்டது. கஜானாவில் கைவைக்காமல், பதவியால் வரும் வாய்ப்பை வைத்துப் பணம் பண்ணுவது ‘நேர்மையான ஊழல்’ என்று வாதாடியவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம்தான். அந்த ஆளுக்கு ஜனங்கள் ஏன் திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் எழுதியிருக்க வேண்டாமா?

1842-இல் பிறந்த பிளங்கிட், கறிக்கடைப் பையனாக இருந்து, சொந்தக் கடை போட்டு, அப்புறம் கான்ட்ராக்டர் ஆனவர். மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் இருந்தார். ஒரே வருடத்தில் நான்கு பதவிகள் வகித்து, அதில் மூன்றுக்குச் சம்பளமும் வாங்கியதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். நீதிமன்றக் கட்டடத்தில் ஷூ பாலிஷ் போடும் இடம்தான் அவருக்கு ஆபீஸ். அங்கே உட்கார்ந்து அவர் பேசியதை ரியோர்டன் என்ற நிருபர் 1905-இல் புத்தகமாக்கினார்.

அவர் பணம் பண்ணிய விதத்துக்கு அவரே சொன்ன ஒரு சம்பவம் போதும். பழைய சாலைக் கற்கள் இரண்டரை லட்சத்தை நகர நிர்வாகம் ஏலம் விட்டது. போட்டிக்கு வந்தவர்களைத் தனித்தனியாகப் பிடித்து, எத்தனை கல் வேண்டும் என்று கேட்டார். ஒருவர் இருபதாயிரம் என்றார், இன்னொருவர் பதினைந்தாயிரம். ‘சும்மாவே தருகிறேன், ஏலத்தில் வாயைத் திறக்காதே’ என்று முடித்துக்கொண்டார். ஏலத்தில் அவர் கேட்டது மொத்தமே இரண்டரை டாலர்! விளையாடுகிறார் என்று ஏலக்காரர் கத்தியும் வேறு யாரும் கேட்கவில்லை. நஷ்டம் வரி கட்டியவர்களுக்கு. இதில் நேர்மை எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் அவர் வட்டாரத்தில் ஒரு வீடு தீப்பிடித்தால், எந்த நேரமானாலும் தீயணைப்பு வண்டியின் பின்னாலேயே அவரோ அவருடைய ஆட்களோ போய் நிற்பார்கள். வீடிழந்தவர் எந்தக் கட்சி என்று விசாரிப்பதில்லை. உடனே தங்க இடம், மாற்றுத்துணி. தர்ம ஸ்தாபனங்களிடம் போனால் விசாரித்து முடிக்கவே மாதக்கணக்காகும் என்று கிண்டலும் அடிப்பார். இது தர்மம், அரசியலும்கூட என்று ஒப்புக்கொண்டவரும் அவரேதான். அரசு நிவாரணம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத காலத்தில், வந்து இறங்கிய ஐரிஷ், இத்தாலிய, யூதக் குடும்பங்களுக்கு வேறு யார் இருந்தார்கள்? அரசு வேலைக்குத் தேர்வு வைப்பதை அவர் அப்படி வெறுத்ததும் இதனால்தான். வேலை வாங்கித் தர முடியாத தலைவரை யார் தேடி வருவார்கள்?

1904-இல் குடியரசுக் கட்சியின் மார்ட்டின் சாக்ஸிடம் மாநில செனட் பதவியை இழந்தார். டாமனியின் வட்டாரத் தலைமையும் கைவிட்டுப் போனது. அதைப் பறித்த மக்மேனஸ் ஊழலை ஒழிக்க வந்தவர் இல்லை, அவரும் டாமனிக்காரர்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை