ஏறின கியரிலேயே இறங்கு, தம்பி

தம்பி,

ஆர்மியில் கிரிக் மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள், இனி மூன்று டன் லோரி ஓட்டுவதுதான் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பேசியிருப்பேன், ஆனால் பக்கத்தில் அம்மா இருந்தாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

நம் சுங்கை சிப்புட்டில் லயத்தில் பிறந்தவனுக்கு மலை என்றால் கித்தாக் காட்டுக்குப் பின்னால் நீலமாகத் தெரிவதுதான். தாத்தா வெட்டிய ரப்பர் பாலை ஏற்றிப்போகும் லோரியில்தான் நான் ஸ்டேரிங் பிடிக்கப் பழகினேன். ஆர்மியில் சேர்ந்த பிறகுதான் மலை என்னவென்று தெரிந்தது. கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை 1982-இல் திறந்தார்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல், உச்சியில் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். அப்போது இருட்டினால் பொதுமக்கள் வண்டியை விடமாட்டார்கள். 1989 டிசம்பரில் தாய்லாந்தின் ஹாட்யாயில் கம்யூனிஸ்டுகளோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை காட்டுக்குள் அவர்கள் ஆள் இருக்கிறான் என்ற நினைப்போடுதான் ஓட்டினோம். உனக்கு அந்தப் பயம் இல்லை. பனிமூட்டமும் யானையும் இருக்கின்றன, அது போதும்.

ஏறும்போது எஞ்சின் திணறின பிறகு கியரைக் குறைக்காதே, திணறப்போகிறது என்று காதில் விழும்போதே குறைத்துவிடு. பாதி மேட்டில் கியர் விழாமல் நின்றால் வண்டி பின்னால் உருளும், முன்னால் போகிற லோரியும் அப்படித்தான், அதனால் அதற்கு நெருங்கிப் போகாதே, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கிற கட்டையை எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் வை. கொண்டை வளைவில் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்ளே வெட்டும், முன்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்பினால் பின் டயர் சாலையோரக் கானில் இறங்கிவிடும். காய்ந்த தாரில் எஞ்சின் இழுவையை நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பூட்டி ஓட்டாதே, வளைவில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் சுற்றியாக வேண்டும், பூட்டினால் ஆக்சிலும் கியர் பெட்டியும் முறுக்கிக்கொள்ளும். அது சேற்றுக்கு மட்டும்.

ஆனால் ஏறுவதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஏற்றத்தில் தப்பு செய்தால் வண்டி பெரும்பாலும் நின்றுவிடும். இறக்கத்தில் நிற்காது.

1984-இல் நடந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. உச்சி தாண்டி இறங்குகிறேன், பின்னால் பன்னிரண்டு பேர். ஏறின களைப்பு, இறக்கம்தானே என்று ஒரு கியர் கூட்டிப் போட்டுக் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தேன். கொஞ்ச தூரத்தில் பிரேக் லைனிங் கருகும் வாடை வந்தது. பிரேக் டிரம் சூடேறினால் விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், எவ்வளவு மிதித்தாலும் கால் சும்மா இறங்கும். அப்போதுதான் கியரைக் குறைக்கப் பார்த்தேன். வண்டியின் வேகத்துக்கு எஞ்சின் சுற்று கூட வேண்டும், கிளச்சை இரண்டு தடவை மிதித்து, டபுள் கிளச் அடித்து ஆக்சிலேட்டரைக் கொடுத்திருக்க வேண்டும், பதற்றத்தில் கொடுக்கவில்லை. பல்லு நறநறவென்று அரைத்ததே தவிர கியர் விழவில்லை. பிரீ கியரில் அவ்வளவு பெரிய வண்டி மலையிலிருந்து இறங்குகிறது, தம்பி. இடது பக்கம் வெட்டிய மண் சுவரில் வண்டியைத் தேய்த்து, கானில் ஒரு சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். வலது பக்கம் பள்ளம். பின்னால் நின்றுகொண்டிருந்த ஒரு பையனுக்குக் கை முறிந்தது. வண்டியில் கோளாறு என்று எழுதினார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை. வண்டியில் கோளாறே இல்லை. என் தப்புதான் அது.

அதனால் கேட்கிறேன். இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே, சமதளத்திலேயே, ஏறின கியருக்கோ அதற்கும் கீழேயோ போய்விடு. எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். வேகம் கூடினால் பிரேக்கை நன்றாக மிதித்துப் பத்துக் கிலோமீட்டர் குறைத்துவிட்டுக் காலை எடு, திரும்பக் கூடினால் திரும்ப மிதி. சும்மா தொட்டுக்கொண்டே வராதே. ஏர் பிரேக் என்றால் படபடவென்று மிதித்துக் காற்றையும் தீர்த்துவிடாதே, கேஜைப் பார். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும், இடம் கிடைத்தால் ஒதுங்கி விடு. வாடை வந்தால் நிறுத்தி ஆற விடு, ஆபிசர் திட்டினாலும் பரவாயில்லை.

அப்புறம், பின்னால் ஏறுகிற பையன்கள் எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடு. நின்றுகொண்டு வர விடாதே.

அம்மா கருவாட்டுச் சம்பல் செய்து பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள், அடுத்த லீவில் வந்து எடுத்துக்கொள். கை முறிந்த பையன் விஷயம் அவளுக்குத் தெரியாது, நானே ஒரு நாள் சொல்கிறேன். முதல் தடவை ஜெலி வரை போய் வந்ததும், உச்சியிலிருந்து எந்த கியரில் இறங்கினாய் என்று எனக்கு எழுது.

அப்பா