‘மற்றும் பலர்’ என்பவர்களுக்கும் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024-ஆம் ஆண்டின் சிறந்த நடிப்பு என்று பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் இதழில் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அந்தப் பத்துப் பேர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ‘அமரன்’ சாய் பல்லவி, ‘மகாராஜா’ விஜய் சேதுபதி, ‘மெய்யழகன்’ அரவிந்த்சாமி எல்லாம் என் மனதிலும் இருப்பவர்கள்தான். முள்ளாகத் தைத்தது கட்டுரையின் கடைசி வரி: “மற்ற நடிகர்களும் கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்திருக்கிறார்கள்.”

நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் 31 ஆண்டுகள் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். மெஷின் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த காலத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். படப்பெட்டி போய் ஹார்ட் டிஸ்க் வந்த பிறகு வேலையை விட்டேன். நடிப்பைப் பற்றி நான் புத்தகம் எதுவும் படித்ததில்லை. ஆனால் படம் ஓட்டும் அறையான கேபினில் மெஷின் இரைச்சலில் பாதி வசனம் காதில் விழாது. கையகலக் கண்ணாடி வழியாகத்தான் படம் பார்ப்போம். நாளைக்கு நான்கு காட்சி, 50 நாள் ஓடினால் ஒரே படம் 200 தடவை. முதல் மூன்று நாள் கதாநாயகனைப் பார்ப்போம். நான்காம் நாள் கண் தானாக நகர்ந்துவிடும். ரீல் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அது வந்ததும் அடுத்த மெஷினை ஓடவிட்டு, ஏழெட்டு விநாடியில் வரும் இரண்டாவது புள்ளியில் மாற்றிவிட வேண்டும். அதைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே எங்கள் கண் எப்போதும் திரையின் ஓரத்தில் இருக்கும். அந்த ஓரத்தில் நிற்பவர்களைத்தான் தாங்கள் ‘மற்ற நடிகர்கள்’ என்கிறீர்கள்.

வசனம் கேட்காமல் பார்க்கும்போது ஒன்று தெரிந்துபோகும். பேசிப் பேசியே கைத்தட்டல் வாங்குகிறவர்கள் அந்தக் கண்ணாடிக்குள் வெறுமனே வாயசைப்பார்கள். அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் உயிரோடு இருப்பார்.

1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியைத் தாங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். நாங்கள் அதைப் பழைய படமாக மறுபடி போட்டபோது நான் தினமும் அந்த இடத்துக்குக் கண்ணாடி பக்கம் போய் நின்றுவிடுவேன். நாகேஷ் கையையும் காலையும் ஆட்டி பயங்காட்டுகிறார். ஆனால் அரங்கம் சிரித்தது பாலையாவின் முகத்தைப் பார்த்துத்தான். கண் அகலுகிறது, வாய் திறந்தபடியே நிற்கிறது, உடம்பு நாற்காலிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. அவர் பயப்படவில்லையென்றால் நாகேஷ் செய்வது வெறும் குதிப்பு. கேட்பவர் நடித்தால்தான் சொல்பவரின் நடிப்பே நிற்கும். இது தங்களுக்குத் தெரியாதது அல்ல.

அந்தப் பாலையாவுக்கு தேசிய விருது கிடைக்க வழியே இருக்கவில்லை. சிறந்த நடிகர் விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து கொடுத்தார்கள். துணை நடிகருக்கென்று ஒரு விருது வேண்டும் என்று அரசுக்குத் தோன்றியது 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். பாலையா 1972-இலும், எஸ்.வி. ரங்காராவ் 1974-இலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாகேஷுக்கே ‘நம்மவர்’ படத்துக்காக 1994-ஆம் ஆண்டுக்கான துணை நடிகர் விருதுதான் கிடைத்தது. மாநில விருதைப் பற்றிப் பேசவே மனம் கசக்கிறது. 2009 முதல் 2014 வரை ஆறு ஆண்டுக்கான விருதுகளை 2017-இல் ஒரே மூச்சில் அறிவித்து, 2022-இல் கையில் கொடுத்தார்கள். 2015-க்கான விருதைக் கொடுக்க 2024 மார்ச் ஆகிவிட்டது. பெரிய கதாநாயகனுக்கு இந்தத் தாமதத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டு காட்சியில் வந்துபோகும் ஒருவருக்கு அந்த ஆண்டே அந்தக் காகிதம் கையில் இருந்திருந்தால் அடுத்த படத்தில் நான்கு காட்சி கிடைத்திருக்கும்.

‘கடைசி விவசாயி’யாக நடித்த நல்லாண்டி ஐயாவைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படம் திரைக்கு வந்தபோதே அவர் உயிரோடு இல்லை. தேசிய விருதுப் பட்டியலில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு வந்த செய்தியைப் படித்துவிட்டு அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அரசாங்கம் தாமதிக்கும். பத்திரிகையுமா? வாரா வாரம் சினிமா எழுதுகிறவர்கள் தாங்கள். விமர்சனத்தில் கதாநாயகனுக்கு மூன்று பத்தி, நாயகியின் உடைக்கு ஒரு வரி, இசைக்கு ஒரு வரி, கடைசியில் “மற்றவர்களும் தங்கள் பங்கைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.” நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டும் இந்த வாக்கியம் இருந்தது. இப்போதும் அப்படியே இருக்கிறது.

என் கையாலேயே நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தியேட்டரில் வேலை பார்த்தபோது, படம் நீளம், கடைசிக் காட்சி முடிய நேரமாகிறது என்று முதலாளி இரண்டு நிமிடத்தை வெட்டச் சொன்னார். எதை வெட்டுவது என்றும் அவரே சொன்னார். வயதான ஓர் அம்மா, மகனின் தோளில் முகம் வைத்து சத்தமில்லாமல் அழும் காட்சி. பாட்டில் கை வைக்க முடியாது, சண்டையில் கை வைக்க முடியாது. நான் வெட்டி ஒட்டினேன். வெட்டிய துண்டைச் சுருட்டித் தகர டப்பாவில் போட்டேன். அன்றிரவு அடுத்த காட்சியில் கதாநாயகன் சட்டையின் தோள்பக்கம் நனைந்தபடி நடந்து வருகிறார். ஏன் நனைந்திருக்கிறது என்று கீழே இருந்த ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் பெயர் டைட்டிலில் தனியாக வரவில்லை. ‘மற்றும் பலர்’ என்பதற்குள் இருந்தார். பெட்டி திரும்பிப் போகும்போது துண்டை மறுபடி ஒட்டித்தான் அனுப்பினேன். ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

தங்கள் கட்டுரையின் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு அந்தத் தகர டப்பாதான் ஞாபகம் வந்தது. மன்னிக்கவும், கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

2024-ஐ நான் பார்த்தவரை சொல்கிறேன். ‘கொட்டுக்காளி’யில் அன்னா பென் படம் முழுக்கக் கிட்டத்தட்டப் பேசவே இல்லை. பின்னணி இசையும் கிடையாது. வழியில் எங்கோ ஒலிக்கும் பாட்டுக்கு அந்தப் பெண்ணின் உதடு தன்னையறியாமல் முணுமுணுக்கிறது. அதைக் கண்டதும் சூரிக்கு வெறி ஏறி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் அடிக்கிறார். அத்தனை அடிதடிக்கும் காரணம் அந்த உதட்டசைவு ஒன்றுதான். அதைக் கொஞ்சம் கூட்டிச் செய்திருந்தாலும் காட்சியே பொய்யாகியிருக்கும். சூரியும் தொண்டை கட்டிய குரலிலேயே கடைசிவரை பேசியிருக்கிறார். தங்கள் பட்டியலில் இருவருமே இல்லை.

‘மகாராஜா’வில் விஜய் சேதுபதியைச் சொன்ன தாங்கள் சிங்கம்புலியைச் சொல்லவில்லை. இத்தனை வருடம் நம்மைச் சிரிக்க வைத்தவர் என்ற நம்பிக்கையை வைத்தே அந்தப் பாத்திரத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். படம் பார்க்காதவர்களுக்காக விவரம் சொல்லாமல் விடுகிறேன். உண்மை தெரிந்த பிறகு அவருடைய பழைய காட்சிகளை மறுபடி பாருங்கள். அப்போது அதே முகம் சிரிப்பு மூட்டாது, வயிற்றைப் பிசையும்.

‘ஜெ பேபி’யில் ஊர்வசி எப்படி நடித்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவரைத் தேடி கொல்கத்தா வரை போகும் மகனாக வரும் மாறனை யாராவது சொல்ல வேண்டாமா? நக்கல் பேச்சுக்கென்றே கூப்பிடப்படும் மனிதர். அந்தப் பேச்சையும் வைத்துக்கொண்டு, தம்பியோடு முகம் கொடுத்துப் பேசாத அண்ணனின் மனத்தாங்கலையும் விடாமல் சுமந்தார். ‘வாழை’யில் பொன்வேல், பசி தாங்காமல் வீட்டுக்கு ஓடிவந்து சோற்றில் கை வைக்கும் இடம் இருக்கிறதே, அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

‘லப்பர் பந்து’ வந்தால் தினேஷின் கெத்தைச் சொல்கிறோம். சரிதான். புருஷன் ஒளிந்து ஒளிந்து கிரிக்கெட் ஆடப் போவது தெரிந்ததும் சுவாசிகா பார்க்கும் ஒரு பார்வைக்கு முன்னால் அந்தக் கெத்து எப்படிக் கரைகிறது! அதே படத்தில் தினேஷின் அம்மாவாக வருபவர் கீதா கைலாசம். அடுத்த மாதமே ‘அமரன்’ படத்தில் மேஜர் முகுந்தின் அம்மாவாக வந்தார். இரண்டும் ஒருவர்தான் என்று சொன்னபோது என் மனைவி நம்பவில்லை. பெயரைக் காட்டலாம் என்று தங்கள் கட்டுரையை எடுத்தேன். ‘லப்பர் பந்து’ புகைப்படம் ஒன்று அச்சாகியிருந்தது. அதன் கீழே “தினேஷ் மற்றும் குடும்பத்தினர்” என்று போட்டிருந்தீர்கள்.

குடும்பத்தினருக்குப் பெயர் இல்லையா, ஐயா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்தப் படத்தை மறுபடி போட வேண்டாம். ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் போட்டு, அந்தப் படத்தில் நின்றிருந்தவர்களின் பெயரை இடமிருந்து வலமாக அச்சிடுங்கள். இனி எந்தப் படத்தின் கீழும் ‘மற்றும் பலர்’ என்று போடாமல் பெயர் போடச் சொல்லுங்கள். பெயர் கிடைக்கவில்லையென்றால் படத்தின் டைட்டிலை நிறுத்திப் பார்த்தால் போதும். இப்போது நிறுத்திப் பார்க்கும் வசதி வந்துவிட்டது. எங்கள் காலத்தில் ஓடும் படத்தை நிறுத்தினால் பிலிம் எரிந்துவிடும்.

தங்கள் உண்மையுள்ள,
34 ஆண்டு கால வாசகர், ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்