மேலூர் பரோட்டா மாஸ்டர் அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

அகழாய்வில் நாங்கள் எடுத்த மான் எலும்பில் கொலாஜன் இருக்கிறது, காலம் கணிக்கப் போதுமான அளவுக்கே இருக்கிறது! கொலாஜன் என்பது எலும்பிலிருக்கும் ஒரு புரதம், அதிலுள்ள கதிரியக்கக் கார்பன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள். காலையில் ஆய்வகத்திலிருந்து தகவல் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மழை வாரத்தில் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், அதை விடுங்கள்.

முதல் நன்றி மேலூரில் பரோட்டா போடும் மாஸ்டர் அண்ணனுக்கு. குழியிலிருந்து அவசரமாக எடுத்த மான் எலும்புகளைச் சுற்ற ஃபாயில் தீர்ந்துபோன ராத்திரி, அவர் கடை மட்டும்தான் திறந்திருந்தது. பஞ்சிலோ பேப்பரிலோ சுற்றக் கூடாது, அதிலிருப்பது இன்றைய கார்பன், எலும்போடு கலந்தால் வயதைக் குறைத்துக் காட்டிவிடும். விஷயத்தைச் சொன்னதும், "எண்ணெய் படலாமா?" என்று அவரே கேட்டார். கூடாதுண்ணே, எண்ணெயும் இந்தக் காலத்துக் கார்பன்தான் என்றேன். கல்லைப் பையனிடம் விட்டுவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பிரிக்காத ரோல் ஒன்றை எடுத்து, நாங்கள் சொல்லாமலே வெளிச்சுற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளிருந்து துண்டு துண்டாகக் கிழித்துத் தந்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "இத்தனை ஆயிரம் வருசம் தாங்குனது எங்க கடையில வந்து கெட்டுறக் கூடாதுல்ல தம்பி."

நம் ஊர் வெயிலுக்கு எலும்பில் கொலாஜன் நிற்பதே அபூர்வம், அதனால் காலம் கணிக்கப் பெரும்பாலும் அடுப்புக் கரியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் அடுப்பெரித்தவன் பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே வைரம் பாய்ந்த மரத்தின் கரியாகவும் அது இருக்கலாம், அப்போது வயது கூடுதலாகத் தெரியும். எங்கள் எலும்புகளில் ஒன்றில், வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) சில்லால் இறைச்சியை அறுத்த கோடுகள் பக்கம் பக்கமாக, நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஆழத்தில் இருக்கின்றன. அந்த வேட்டைக்காரர்கள் அந்த மேட்டில் உட்கார்ந்து தின்ற காலத்தையே அது சொல்லும். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

தார்ப்பாய் கொண்டு வந்த ஊர்க்காரர்கள், டிராக்டர்காரர், நனைந்த மண்ணைச் சலித்துக்கொண்டே இருந்த அக்காமார், அனுமதிக் கடிதத்துக்கு அலைந்த தோழர்கள், எல்லாருக்கும் மனசார நன்றி.

வயது இன்னும் வரவில்லை. இந்தக் கணிப்பின் வழக்கப்படி 1950-ஐத் தொடக்கமாக வைத்துப் பின்னோக்கி எண்ணி, அதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் அளவுத்திருத்தமும் முடிந்து எண் கைக்கு வந்ததும் மேலூருக்குத்தான் பஸ் ஏறுவேன், எத்தனை வருசம் என்று அண்ணன் அன்றைக்கே கேட்டுவிட்டார். அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர்களோடு அவர் பெயரும் வரும். ஆய்வு வழிகாட்டியிடம் பேசிவிட்டேன், சரி என்றுவிட்டார்.