கடற்பஞ்சு கீழ்ப்படி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

விலங்குகளின் தோற்றம் குறித்துத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையுடன், நீருக்கடியில் ஒட்டி வாழும் எளிய விலங்கான கடற்பஞ்சைக் கீழ்ப்படியிலும் மனிதனை மேற்படியிலும் வைத்த ஏணிப்படம் ஒன்றும் இடம்பெற்றிருந்தது. அந்தப் படம் தவறானது, மரபணுக்களே சாட்சி. கடற்பஞ்சுகளின் நன்னீர் உறவான எஃபிடேசியா முல்லெரி என்னும் பஞ்சில் புரதங்களுக்கான மரபணுக்கள் சுமார் 39,000 இருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதரிடம் ஏறத்தாழ 20,000தான். பஞ்சு நம்மைவிட மேலானது என்று இதற்குப் பொருளில்லை. அவற்றில் பல, ஏற்கெனவே இருந்த மரபணுக்கள் நகலாகிப் பெருகியவை. என்னை வியக்கவைப்பது வேறொன்று. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் வாழும் ஒரு கடற்பஞ்சின் மரபணுத்தொகுதி, அதாவது முழு மரபணு விவரம், 2010-இல் வெளியானது. அதன் உடலில் ஒரு நரம்புச் செல்கூட இல்லை. ஆயினும் நம் நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் நரம்பிணைப்புகளில் செய்தியை வாங்கும் பக்கத்தைக் கட்டியமைக்கும் புரதங்கள் பலவற்றுக்கான மரபணுக்கள் அதனிடம் உள்ளன!

விலங்கியல் ஆசிரியராக, உயிருள்ள பஞ்சை மெல்லிய துணியில் பிழிந்து மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். உதிர்ந்த செல்கள் நுண்ணோக்கியின் கீழ் ஊர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு உருண்டைகளாகத் திரளும். 1907-இல் அமெரிக்க விலங்கியலாளர் வில்சன் விவரித்த சோதனை இது. செல்கள் கூடி ஓருடலாக வாழும் கலையில் பஞ்சு தேர்ந்த உயிர். எனவே, இனி ஏணிக்குப் பதிலாகக் கிளைவிட்ட மரத்தை வரையுங்கள். பஞ்சையும் மனிதனையும் வெவ்வேறு கிளைகளின் நுனியில் வையுங்கள். விலங்குகளின் மரத்தில் முதலில் பிரிந்த கிளை பஞ்சுகளுடையதா, சீப்பு ஜெல்லிகள் எனப்படும் கூழ் போன்ற உடல்கொண்ட கடல் விலங்குகளுடையதா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை என்பதையும் படத்தின் கீழ் ஒரு வரியில் குறிப்பிடலாம்.

– விலங்கியல் ஆசிரியர் ஒருவர்