ஸ்லிப்பில் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் 16 வருடமாக எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருக்கிறேன்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘கட்டி’ என்ற ஒரே சொல்தான். சீழ் பிடித்தாலும் கட்டி, டி.பி. கிருமியால் வந்தாலும் கட்டி, புற்றுநோயும் கட்டி. ‘மூளையில் கட்டி’ என்று காதில் விழுந்துவிட்டால் அன்று அந்த வீட்டில் உலை ஏறாது. ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சென்ற வருடம், வலிப்பு வந்ததென்று கல்லூரியில் படிக்கும் மகளை ஓர் அம்மா கூட்டிவந்தார். டாக்டர் எழுதித் தந்த ஸ்லிப்பில் ‘எம்.ஆர்.ஐ. பிரெய்ன் வித் கான்ட்ராஸ்ட்’ என்று மட்டும் இருந்தது. கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் ஏற்றியதும் வளையம் போல ஒன்று திரையில் பளிச்சிட்டது. இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். வளையத்தை மட்டும் பார்த்து டி.பி.யா, புற்றா என்று பிரிப்பது, ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்டுக்கே சிரமம். அதே மெஷினில் இன்னும் ஏழெட்டு நிமிடம் அந்தப் பெண் படுத்திருந்தால் கட்டிக்குள் இருக்கும் வேதிப்பொருளைக் காட்டும் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் (எம்.ஆர்.எஸ்.) எடுத்திருக்கலாம். எழுதித் தராததை நானாக எடுக்க முடியாது. இரவு எட்டு மணிக்குக் கேட்க ரேடியாலஜிஸ்டும் இல்லை. மறுநாள் ரிப்போர்ட்டில் இரண்டு வியாதியின் பெயரும் இருந்தது. கீழே, ‘எம்.ஆர்.எஸ். செய்து பார்க்கவும்.’ 12 நாள் கழித்து வந்தார்கள், திரும்பவும் பணம் கட்டினார்கள். “அன்னைக்கே எடுத்திருந்தா ஆகாதாம்மா?” என்றார் அந்த அம்மா. நான் ஊசி மருந்தை எடுத்து வைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஸ்பெக்ட்ரோஸ்கோபி படம் தராது, கோடு தரும். கட்டியின்மேல் திரையில் ஒரு சிறு பெட்டி வைப்போம். அதற்குள் என்னென்ன வேதிப்பொருள் எவ்வளவு என்று மெஷின் வரைந்துவிடும். நல்ல மூளையில் கோலின், கிரியேட்டின், என்.ஏ.ஏ. என்று இடமிருந்து வலமாக மாடிப்படி போல ஏறும். என்.ஏ.ஏ. நரம்பு செல்லுக்கு உரியது. மூளையில் புற்று வந்தால் நரம்பு செல் அழிந்து அது சரியும், செல் பெருகுவதால் கோலின் எகிறும், ஏறிய படி இறங்கு படியாகிவிடும். டி.பி. கட்டியென்றால் வலது ஓரத்தில், 1.3 என்ற இடத்தில், கொழுப்பின் முகடு நிமிர்ந்து நிற்கும். அந்தக் கிருமியின் உறையில் கொழுப்பு அதிகம். சீழ்க்கட்டியில் அசிடேட், அமினோ அமிலம் என்று வேறு கூட்டம் வரும்.

அந்தப் பெண்ணுக்குக் கோலின் பெயருக்குத்தான் இருந்தது, கொழுப்பு முகடு ஒற்றைப் பனைமரம் மாதிரி நின்றது. மற்ற பரிசோதனைகளையும் பார்த்துவிட்டு டி.பி. மருந்து ஆரம்பித்தார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் பட்டாணி அளவுதான் மிச்சம்.

இதுவே கடைசித் தீர்ப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. நடுவில் செத்துப்போன புற்றுக்கட்டியும் கொழுப்பு காட்டும். பெட்டி மண்டையோட்டுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் போதும், தலைத்தோலின் கொழுப்பு உள்ளே புகுந்து இல்லாத டி.பி.யைக் காட்டிவிடும் (புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது). ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த கட்டியில் கோட்டை நம்ப முடியாது. சந்தேகம் தீராவிட்டால், கட்டியில் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான்.

எல்லாருக்கும் எடுங்கள் என்று சொல்லவில்லை. வெறும் தலைவலிக்கு இதைக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அது வீண் செலவு. வலிப்போடு வருகிறவருக்கு ஸ்கேன் எழுதும் டாக்டர்கள் ‘தேவைப்பட்டால் எம்.ஆர்.எஸ்.’ என்று சேர்த்து எழுதட்டும். சென்டர்களும் பில் போடும்போதே வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் கேட்டு வைக்கலாம். ஸ்லிப்பில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ‘கான்ட்ராஸ்ட்’ என்ற சொல்லுக்குக் கீழே பாதிக் காகிதம் காலியாகத்தான் என் கைக்கு வருகிறது.

இப்படிக்கு,
எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்,
மதுரை