மாஜாங் சூதாட்டமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிச் சூதாட்டம் குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையில், ரம்மி, போக்கர் என அடுக்கி வந்த வரியின் முடிவில் 'மாஜாங் போன்ற சீனச் சூதாட்டங்கள்' என்றும் சேர்த்திருந்தீர்கள். முப்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் எனக்கு அந்தச் சொற்கள் மிகுந்த வேதனையைத் தந்தன.

என் கணவர் கடற்படையில் பணியாற்றியபோது, 1988-ல் கொச்சிக் குடியிருப்பில் உடனிருந்த பெண்களிடம், நால்வர் கூடி ஆடும் இந்தச் சீனக் காயாட்டத்தைக் கற்றேன். 144 காய்களைக் கவிழ்த்துக் கலைத்து, நான்கு பக்கமும் மதில்போல் இரண்டடுக்காக வைத்து, ஆளுக்கு 13 காய்கள் எடுத்துக்கொண்டு, பிறகு ஒன்றை எடுத்து ஒன்றைக் கழித்து, பதினான்காவது காயில் தன் கையிலுள்ள காய்த்தொகுப்பை நிறைவு செய்ய வேண்டும். மற்றவர்கள் கழிப்பதைக் கவனித்து, அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கணக்கிடுவதில்தான் ஆட்டத்தின் சுவை இருக்கிறது. பணம் வைத்து ஆடுவோரும் உலகில் உண்டு; பணம் வைத்தால் தாயமும் சூதாகிவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. நாங்கள் புள்ளிக்கணக்குக்கு வைத்தது புளியங்கொட்டை. கைப்பேசியில் தனியே அமர்ந்து இணைக் காய்களை நீக்கும் விளையாட்டுக்கும் மாஜாங் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். காய்கள் ஒன்றானாலும் அது வேறு ஆட்டம்.

இந்த ஆட்டத்துக்கு நால்வர் நேரில் கூட வேண்டும். பூதப்பாண்டிக்கு அருகே ஒரு சிற்றூரில், கணவரை இழந்து தனியே வாழும் நான் அந்த நால்வரைச் சேர்க்க இரண்டு ஆண்டுகள் ஆயின. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய அக்கா ஒருவர், காய்களிலுள்ள சீன எண்களைப் பத்தே நாளில் மனப்பாடம் செய்து, இன்று எங்களையெல்லாம் வெல்கிறார். நான்காமவர், தங்கள் கட்டுரையைப் படித்த மருமகன் தடுத்துவிட்டதாகச் சொல்லி, சென்ற ஞாயிறு முதல் வரவில்லை.

முன்பு ஊர்ப் படிப்பகத்தில் வாரம் ஒரு பிற்பகலுக்கு ஒரு மேசை கேட்டு மனுக் கொடுத்தேன். பெண்கள் கூடிச் சூதாட இடமில்லை என்றார்கள். அதே படிப்பகத் திண்ணையில் ஆண்கள் இருட்டும்வரை சீட்டாடுவதை எவரும் கேட்டதில்லை. 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமே திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்கிறது. பணமே புழங்காத எங்கள் ஆட்டத்துக்கு அந்த விலக்கும் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. முதியோர் தனிமையைப் பற்றித் தாங்களே பலமுறை தலையங்கம் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை நறுக்கி வைத்திருக்கும் எனக்கு, தங்கள் இதழே எங்கள் மேசையைக் கலைத்தது தாளவில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் பக்கம் கற்றுக்கொள்ள விரும்புவோர் தங்கள் அலுவலக முகவரிக்கு எழுதினால், அக்கடிதங்களை எனக்கு அனுப்பி உதவுங்கள். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு எங்களுக்கு இன்னும் ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
குமரி மாவட்டம்