எனக்காக வாசித்தவர்களுக்கும் எழுதியவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

முதுகலை வரலாறு இறுதிப் பருவத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. முதல் வகுப்பு. வீட்டில் சொல்லியாயிற்று, அப்பா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று, மிட்டாயும் கொடுத்தாயிற்று. பாக்கி நீங்கள்தான். ஒவ்வொருவராகப் போன் செய்து நன்றி சொல்லலாம் என்று ஆரம்பித்தால், "அதெல்லாம் எதுக்குப்பா, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். இங்கே யாரும் குறுக்கே பேச முடியாது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். பள்ளிப்படிப்பு பூந்தமல்லியில், பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியில். அங்கே பிரெய்ல் புத்தகம் உண்டு, சிலேட்டும் குத்தூசியும் உண்டு, என்னைப் போன்றவர்களுக்கு எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்த ஆசிரியர்கள் உண்டு. பிறகு சென்னையில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். பட்ட வகுப்புக்குப் பிரெய்லில் பாடநூல் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. விரல் நுனியால் படித்தவன் திடீரென்று காதால் படிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டும். தேர்வென்றால் எழுத ஆள் வேண்டும். வாசிப்பாளர் உதவித்தொகையை அரசு தருகிறது, சரி. அந்தத் தொகையை வாங்கிக்கொண்டு வாசிக்க வருகிறவரை நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும்.

அப்படிக் கிடைத்தவர்தான் அம்பத்தூர் போஸ்ட்மாஸ்டர் ஐயா. பணி ஓய்வு பெற்றவர். சோழர் காலத்தைப் பற்றிய தடித்த புத்தகங்களை அத்தியாயம் அத்தியாயமாகப் போனில் பதிவு செய்து அனுப்புவார். ஒவ்வொரு பதிவும் "பக்கம் 142, இரண்டாவது பத்தி" என்றுதான் ஆரம்பிக்கும். அடிக்குறிப்பு வந்தால் "அடிக்குறிப்பு 7" என்று அறிவித்துவிட்டு அதையும் முழுக்க வாசிப்பார். பிறகு "மேலே விட்ட இடம்" என்று சொல்லிவிட்டுத் தொடர்வார். கல்வெட்டு எண்களை ஓர் இலக்கம்கூட விழுங்காமல் ஒவ்வொன்றாகச் சொல்வார். நடுவில் குக்கர் விசில் அடித்தால் நிறுத்திவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடியும் வாசிப்பார். படத்தையும் விடமாட்டார். ஒரு முறை இப்படிச் சொன்னார்: "இங்கே ஒரு போட்டோ. கோயில் சுவர். மூணு வரி கல்வெட்டு தெரியுது. எனக்கு வாசிக்க வரலை."

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நல்ல மனதோடு வாசிக்க வருகிற பலர் சுருக்கிவிடுவார்கள். "இதெல்லாம் உனக்குத் தேவைப்படாது தம்பி, முக்கியமானதை மட்டும் சொல்றேன்" என்பார்கள். எது முக்கியம், எதைத் தள்ளலாம் என்று பார்ப்பதுதானே படிப்பு? அந்த வேலையை ஐயா என்னிடமே விட்டுவைத்தார். அடிக்குறிப்பு இல்லாமல் என் ஆய்வேட்டில் ஒரு பக்கம்கூடத் தேறியிருக்காது. ஐயா, உங்கள் குரலை ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பேன் என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் நிதானமாக வாசித்த சோழர்கள் என் காதில் ஓட்டமும் நடையுமாகத்தான் போனார்கள்.

அடுத்து, கணினி. இன்று நானே உட்கார்ந்து இதைத் தட்டச்சு செய்ய முடிகிறதென்றால், அதற்கு என்.வி.டி.ஏ. என்கிற திரைவாசிப்பு மென்பொருள்தான் காரணம். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006இல் ஆரம்பித்து வைத்தது, இலவசம். கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் யாரும் எதையும் நிறுவக் கூடாது என்று பூட்டு போட்டிருந்தார்கள். ஆய்வக உதவியாளர் அண்ணன் சட்டத்தையும் மீறவில்லை, என்னையும் திருப்பி அனுப்பவில்லை. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடுகிற வடிவம் ஒன்று அதற்கு உண்டு என்று கண்டுபிடித்து, துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி, ஓரத்துக் கணினியை எனக்கு ஒதுக்கினார். ஹெட்போனும் அவருடையதுதான். அண்ணே, அதை இன்னும் திருப்பித் தரவில்லை, ஞாபகம் இருக்கிறது.

மென்பொருள் வந்தால் மட்டும் போதாது. துறையில் காலங்காலமாகக் கைமாறி வந்த பாடக்குறிப்புகள் பல, பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் இருந்தன. திரையில் பார்ப்பவர்களுக்கு அது அழகான தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்று அடித்திருப்பதை என் கணினி "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்று வாசிக்கும். முப்பது பக்கம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்! முதலாண்டுத் தம்பி, தங்கைகள் சிலர் உட்கார்ந்து அத்தனையையும் யூனிகோடுக்கு, அதாவது கணினி தமிழைத் தமிழாகவே அறியும் முறைக்கு, மாற்றிக் கொடுத்தார்கள். அச்சுப் புத்தகங்களைப் போனில் படம் எடுத்து, எழுத்தாக மாற்றி, ளகரமும் னகரமும் இடம் மாறிக் கிடந்ததை வரி வரியாகத் திருத்தியும் தந்தார்கள். பரீட்சைக்குப் படிக்க நேரம் இல்லாத பிள்ளைகள் செய்த வேலை இது.

இப்படிப் புத்தகத்தை நகலெடுப்பது குற்றமாகிவிடாதா என்று அவர்களில் ஒருவருக்குப் பயம் இருந்தது. நியாயமான பயம்தான். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவந்த திருத்தம், அச்சு நூலை வாசிக்க இயலாதவர்களுக்காக அணுகத்தக்க நகல் எடுப்பதை அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்காக உலக அளவில் ஏற்பட்ட மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதலில் ஒப்புதல் கொடுத்த நாடும் இந்தியாதான். இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துப் பிரெய்ல் பிரிவில் சந்தித்த ஒரு மூத்த வாசகர். அங்கே போனால் புத்தகத்தோடு இந்த மாதிரி தகவலும் கிடைக்கும். அந்தப் பிரிவில் பணிபுரிகிறவர்களுக்கும் அவருக்கும் என் வணக்கம்.

இப்போது வேளச்சேரி அக்கா.

தேர்வில் எனக்காக எழுதியவர். ஸ்கிரைப் என்று சொல்வோம். பி.காம். படித்துவிட்டு வீட்டில் இருப்பவர். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராகத் தேர்வு அறைக்கு வருவார். எங்களுக்கு அறை எப்போதும் தாழ்வாரக் கடைசியில்தான் இருக்கும். விடையை நான் சத்தமாகச் சொல்ல வேண்டுமே, மற்றவர்களுக்குத் தொந்தரவு கூடாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பற்றிய கேள்வி வந்த நாளைச் சொல்கிறேன். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921, குடவோலை முறை, அதாவது ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஊர் நிர்வாகத்துக்கு ஆள் எடுப்பது. உறுப்பினராகத் தகுதி என்ன என்று நான் சொல்லிக்கொண்டே போகிறேன்: சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வரி செலுத்தும் கால்வேலி நிலம் இருக்க வேண்டும். அக்கா பேனாவை நிறுத்தினார்.

"கால்வேலி... சேர்த்து எழுதணுமா, பிரிச்சு எழுதணுமா தம்பி?"

"சேர்த்தே எழுதுங்கக்கா."

எழுதினார். அவ்வளவுதான். அது என்ன அளவு, வேலி என்றால் தோட்டத்து வேலியா, எதையும் கேட்கவில்லை. தேர்வு முடிந்து படிக்கட்டு இறங்கும்போதுதான், "அந்தக் கால்வேலின்னா என்னப்பா? உள்ளே அரிச்சுக்கிட்டே இருந்துச்சு" என்றார். வேலி என்பது பழைய நில அளவு, கால்வேலி அதில் கால் பங்கு என்றேன். கேட்கத் துடித்த கேள்வியை அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்திருக்கிறார், என் நேரம் போய்விடக் கூடாதென்று.

ஒவ்வொரு விடை முடிந்ததும் திரும்ப வாசித்துக் காட்டுவார். ஏற்ற இறக்கம் இல்லாத குரலில். சரியாகச் சொன்ன இடத்தில் ஒரு மெச்சலோ, தடுமாறிய இடத்தில் ஓர் இழுவையோ இருக்காது. அந்தத் தட்டையான குரலுக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பது, வேறு சிலரோடு தேர்வு எழுதிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. "இதைவிட நல்லா எழுதலாமே, நான் ரெண்டு வரி சேர்க்கட்டுமா?" என்று கேட்டவர் உண்டு. அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அப்படிச் சேர்த்து வாங்கிய மதிப்பெண்ணை நான் எந்த முகத்தோடு என் மதிப்பெண் என்று சொல்வேன்? பார்வையற்றவன் வாங்கிய மார்க் ஸ்கிரைப் போட்ட மார்க் என்று காதுபடவே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். என் முதல் வகுப்பில் ஒரு வரிகூட இரவல் இல்லை என்று இன்று என்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிகிறது. அதற்கு அக்காதான் காரணம்.

கூடுதல் நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசு 2018 ஆகஸ்ட் 29இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைப்படி, எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். 3 மணி நேரத் தேர்வென்றால் இன்னும் ஒரு மணி நேரம். இது சலுகை என்று நினைப்பவர்கள் ஒரு கேள்வித்தாளை வேறொருவர் வாசிக்கக் கேட்டு, மனதிலேயே விடையைக் கட்டி, சொல்லி, திருப்பிக் கேட்டு, திருத்திப் பார்க்கட்டும். ஸ்கிரைப்பைத் தேர்வு நடத்துபவர்களே ஏற்பாடு செய்தால், இரண்டு நாளுக்கு முன்பே மாணவர் அவரைச் சந்திக்க வழி செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வெளியே ஓரிடத்தில் எழுதிய நுழைவுத் தேர்வில் இரண்டுமே நடக்கவில்லை. ஸ்கிரைப்பின் பெயரே தேர்வு தொடங்கும்போதுதான் தெரிந்தது. மணி அடித்ததும் தாளையும் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் கல்லூரியில் அப்படி நடக்காமல் பார்த்துக்கொண்டவர் தேர்வுப் பிரிவு எழுத்தர் அம்மா. நெறிமுறையை அச்சடித்து, ஒவ்வொரு தேர்வன்றும் அறைக் கண்காணிப்பாளர் கையில் கொடுத்துவிடுவார். யாரிடமும் வாதாடியதில்லை. அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், அதுவே பேசும்.

வரைபடம் எனக்கு எப்போதும் தலைவலிதான். தேர்வில் அதற்குப் பதிலாக வேறு கேள்வி தருவார்கள். அதனால் பலர் எங்களுக்கு வரைபடமே சொல்லித் தருவதில்லை. எங்கள் பேராசிரியை ஒருவர் விடவில்லை. கெட்டி அட்டையில் காவிரியைச் சணல் கயிறாக ஒட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பசை தடவி மணல் தூவினார். ஊர்களுக்குப் பொத்தான். தஞ்சாவூருக்கு மட்டும் கோட்டுப் பொத்தான், பெரிதாக. கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனபோது அது சட்டென்று பல இழையாகப் பிரிந்தது. டெல்டா என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! அன்றுதான் அது விரலுக்குப் புரிந்தது. சோழர்களுக்கு நெல்லும் வரியும் எங்கிருந்து வந்தன என்று அதற்குப் பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மேடம், உங்களிடம் கேட்காமலேயே அந்த அட்டையை ஊருக்கு எடுத்து வந்துவிட்டேன். பொத்தான் ஒன்று விழுந்துவிட்டது, காஞ்சிபுரம்தான்.

இன்னும் பலர். சுற்றறிக்கையை போட்டோவாகக் குழுவில் போட்டால் எனக்குப் பயனில்லை என்று ஒரே ஒருமுறை சொன்னதற்கு, இரண்டு வருடமும் தட்டச்சு செய்து போட்ட வகுப்புத் தோழி. உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கினால் வீட்டுக்கே போன் செய்த அலுவலக உதவியாளர். "சாம்பார் உன் வலப்பக்கம், சூடு" என்று சொல்லாமல் ஒருநாளும் தட்டை வைக்காத விடுதிச் சமையல் அக்கா. வெள்ளைக்கோலோடு முதல் வாரம் முழுக்க என்னை வாசலிலிருந்து வகுப்புக்கும் வகுப்பிலிருந்து நூலகத்துக்கும் நடத்திப் பழக்கிய சீனியர் அண்ணன்கள். அவர்களுக்கும் பார்வை கிடையாது. எந்த இடத்தில் தரை சரியும், எந்தத் தூணருகே பைக் நிறுத்துவார்கள் என்று அவர்கள் சொன்ன மாதிரி கண் உள்ளவர்கள் யாரும் சொன்னதில்லை.

நேரில் பார்த்தே இராதவர்களுக்கும் நன்றிக்கடன் இருக்கிறது. உதவித்தொகை, ஸ்கிரைப், கூடுதல் நேரம் எதுவும் தானாக வந்துவிடவில்லை. எங்களுக்கு முன்னால் படித்த பார்வையற்ற மாணவர்களும் பட்டதாரிகளும் சென்னைச் சாலைகளில் உட்கார்ந்து மறியல் செய்து, போலீஸ் வண்டியில் ஏறி, கேட்டு வாங்கியவை நிறைய. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் என்று அது சொல்கிறது. நான் சேரும்போது கதவு திறந்தே இருந்தது. தட்டியவர்கள் அவர்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், நன்றி மடல் என்றாலும். இத்தனையும் தனித்தனி ஆட்களின் நல்ல மனதில்தான் நின்றன. எழுத்தர் அம்மாவுக்கு மாற்றலானால் அந்தத் தாளை யார் கொடுப்பார்கள்? வேளச்சேரி அக்காவின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என் தேர்வு என்ன ஆகும்? கல்லூரியே ஸ்கிரைப் பட்டியல் ஒன்றை வைத்திருக்க வேண்டும், பாடக்குறிப்பை யூனிகோடில் மட்டுமே ஏற்க வேண்டும் என்று துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் பட்டியலுக்கு உங்கள் பெயர்களைத் தரலாமா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். மறுக்க விரும்புகிறவர்கள் இந்த வாரத்துக்குள் போன் செய்யுங்கள்.

போஸ்ட்மாஸ்டர் ஐயாவின் ஒலிப்பதிவுகளைப் பக்க எண் போட்டுப் பெயரிட்டு, இந்த வருடம் சேர்ந்திருக்கும் இரண்டு தம்பிகளிடம் கொடுத்துவிட்டேன். அவர்களில் ஒருவருக்குப் பொருளாதாரம். அந்தப் பாடத்தில் அட்டவணைகளை வரிசை பிசகாமல் வாசித்துக் காட்ட ஆள் தேவைப்படுகிறது. நவம்பர் பருவத் தேர்வுக்கு இருவருக்குமே ஸ்கிரைப் வேண்டும். நேரம் இருப்பவர்கள் துறை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
முதுகலை வரலாறு மாணவன்